கம்பெனிக்கு இன்டர்நெட்டில் எத்தனை வாசல்? ஹேக்கருக்கு முன்னால் கண்டுபிடிப்பது எப்படி?

கேட்டில் செக்யூரிட்டி, வாசலில் சிசிடிவி, ராத்திரியானால் ஷட்டருக்கு இரண்டு பூட்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறை வைத்திருப்பவர் இதையெல்லாம் மறக்க மாட்டார். ஆனால் அதே பட்டறைக்கு இன்டர்நெட் பக்கம் எத்தனை வாசல் என்று கேட்டால்?

அட்டாக் சர்ஃபேஸ் என்றால் என்ன?

வெளியில் இருந்து ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைய முயற்சிக்கக்கூடிய எல்லா வழிகளும் சேர்ந்ததுதான் ‘அட்டாக் சர்ஃபேஸ்’. வெப்சைட், மெயில் மட்டுமல்ல. வீட்டில் இருந்தே கணக்கு பார்க்கத் திறந்துவிட்ட ரிமோட் டெஸ்க்டாப், மொபைலில் பார்ப்பதற்காக நெட்டில் இணைத்த சிசிடிவி, வேலையை விட்டுப் போனவரின் லாகின் எல்லாம் இதில் அடக்கம். நெட்டில் வெளியே தெரியும் கருவிகளைத் தேடித் தர ஷோடான் போன்ற தளங்களே இருக்கின்றன. அதை ஹேக்கரும் பார்க்கலாம், நிறுவனமும் பார்க்கலாம்.

எதை முதலில் அடைப்பது?

பத்து ஓட்டை தெரியவந்தால் பத்தையும் ஒரே நாளில் அடைக்க முடியாது. திருடர்கள் இப்போது எந்த மாதிரிப் பூட்டை உடைக்கிறார்கள் என்று தெரிந்தால், அதை முதலில் மாற்றலாம் இல்லையா? அந்தத் தகவல்தான் ‘த்ரெட் இன்டெலிஜென்ஸ்’. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ஹேக்கர்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் ஓட்டைகளின் பட்டியலை அமெரிக்காவின் சிசா அமைப்பு இலவசமாகவே தருகிறது.

அலட்சியம் காட்டினால் என்ன ஆகும்? 2017 மே மாதம் உலகையே உலுக்கிய ‘வான்னாகிரை’ வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அப்டேட் கொடுத்துவிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் சிக்கின.

கூடங்குளம் சொன்ன பாடம்

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் சைபர் தாக்குதல் என்ற தகவலை, 2019 அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம் மறுத்தது. மறுநாளே, வைரஸ் நுழைந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றது கழகம். இதைக் கவனித்து செப்டம்பர் 4 அன்றே தகவல் சொன்னது செர்ட்-இன். அணுமின் நிலையத்துக்கே வெளியில் இருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது என்றால், சின்ன நிறுவனங்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

* நெட்டில் இணைந்துள்ள எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.
* தேவையில்லாததை மூடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள்.
* கருவியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். லாகினுக்கு ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு அவசியம்.
* ஹேக்கர்கள் குறிவைக்கும் ஓட்டைகளுக்கான அப்டேட்டை முதலில் போடுங்கள்.

தாக்குதல் நடந்துவிட்டால் மறைக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும். இலவச எண்: 1800-11-4949. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.