செத்த காலேஜும் தலையளவும்

பட்டணம் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் அந்தக் காலத்துப் பெரியவர்கள் ‘செத்த காலேஜ்’, ‘உயிர் காலேஜ்’ என்று இரண்டு இடங்களைச் சொல்வதுண்டு. முன்னது எழும்பூர் அருங்காட்சியகம், பின்னது மிருகக்காட்சிசாலை. பாடம் நடக்காத இடங்களுக்குக் காலேஜ் என்ற பெயர் எப்படி வந்தது? 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். 1854 டிசம்பரில் எழும்பூருக்கு மாறியபோது பெயரும் கூடவே போயிருக்க வேண்டும்.

முதலில் இருந்தவை சுமார் 1100 கற்களும் கனிமங்களும். பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் இராணுவ மருத்துவர். கல்லைப் பார்க்கக் கூட்டம் வராது என்பதை அறிந்தவர். ஒரு புலிக்குட்டியையும் சிறுத்தைக்குட்டியையும் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் திரண்டது! அதைக் கண்டு ஆர்க்காட்டு நவாப்பிடமிருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855-இல் அங்கேயே விலங்குக் காட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் விலங்குகளும் பறவைகளும் சுமார் 360. இவை 1863-இல் சென்ட்ரல் அருகே மக்கள் பூங்காவுக்கும், 1985-இல் வண்டலூருக்கும் போய்ச் சேர்ந்தன.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் 1759-இல் இலவசமாகவே திறக்கப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்துச் சீட்டுப் பெற வேண்டும். எழுதத் தெரியாதவன் என்ன செய்வான்? சென்னையில் அந்தத் தடை இல்லை. காசும் கேட்கவில்லை, எழுத்தறியாதவரும் உள்ளே போனார்கள்.

அப்படிப் பார்க்க வந்தவர்களையே பார்க்கத் தொடங்கினார் ஒருவர். 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், வந்தவர்களின் தலையையும் மூக்கையும் இடுக்கி அளவியால் அளந்தார். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் தலைக் குறியீடு கிடைக்கும். நீளம் 18.5 செ.மீ., அகலம் 14 செ.மீ. எனில் குறியீடு ஏறத்தாழ 76. இத்தகைய எண்களைக் கொண்டு சாதிகளையும் இனங்களையும் வகைப்படுத்தலாம் என்று அக்காலத்தவர் நம்பினர். தர்ஸ்டன் நம் பக்கத்துக்கும் வந்தார். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகளை அளந்தார். (கேரளத்தாரை அல்ல, மலையை ஆள்பவர் என்று பொருள் கூறப்படும் மலைவாழ் மக்களை.) காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறியதாக அவர்களிடையே ஒரு கதை உண்டு. அம்மலைகளில் ஒன்று, சேந்தமங்கலத்திலிருந்து அண்ணாந்தால் தெரியும் கொல்லிமலை.

1909-இல் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பழக்கவழக்கங்களைப் பற்றிய செய்திகள் அவற்றில் ஏராளம், இன்றும் பயன்படுகின்றன. தலையளவு அப்படியல்ல. மில்லிமீட்டர் வரை சரியாக அளக்கலாம். அந்த எண் எதைக் காட்டுகிறது என்பது வேறு கேள்வி. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் வேறுபாடு இது. 1912-இல் ஃபிரான்ஸ் போவாஸ், அமெரிக்காவில் குடியேறியவர்களின் தலையளவையும் அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளின் தலையளவையும் ஒப்பிட்டார். ஒரே தலைமுறையில் குறியீடு மாறியிருந்தது. மாறாத இன அடையாளம் என்று எண்ணப்பட்டது சூழ்நிலைக்கேற்ப நகர்ந்துவிட்டது!

எழும்பூரில் இப்போது நுழைவுக் கட்டணம் உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை. போகும் மாணவர்கள் மானிடவியல் கூடத்துக்கும் அரைமணி ஒதுக்கலாம்.