தண்ணீருக்குப் போன ஒட்சிசன் யாருடையது?



உயர்தரப் பிள்ளைகளுக்கு எசுத்தர் பரிசோதனை என்றால் விருப்பம். எதனோலையும் அசற்றிக் அமிலத்தையும் சேர்த்து, ஊக்கியாகச் செறிந்த சல்பூரிக் அமிலம் சில துளி விட்டுச் சுடுதண்ணீரில் வைத்தால் ஆய்வுகூடம் முழுக்கப் பழ வாசம். கூடவே தண்ணீரும் உண்டாகிறது. சமன்பாட்டை எல்லோரும் எழுதிவிடுவார்கள். அந்தத் தண்ணீரின் ஒட்சிசன் அமிலம் கொடுத்ததா, அற்ககோல் கொடுத்ததா என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். யோசிக்கிற பிள்ளை "அற்ககோல்" என்று சொல்லும். நடுநிலையாக்கலில் ஐதரொட்சில் காரத்திலிருந்துதானே வருகிறது, அதே கணக்கு. நியாயமான ஊகம்தான், ஆனால் பிழை.

வாசத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ இதைப் பிரிக்க முடியாது. நம்ம பக்கம் வட்டைக்குள் பல பேருடைய மாடுகள் கலந்து மேய்ந்தாலும், குறி சுட்டிருப்பதால் எது யாருடையது என்று தெரியும். அணுவுக்கும் அப்படியொரு குறி வேண்டியிருந்தது. 1929இல் அமெரிக்காவில் ஜியோக், ஜோன்ஸ்டன் இருவரும் ஒட்சிசன்-18 என்ற சமதானியைக் கண்டுபிடித்தார்கள். சாதாரண ஒட்சிசனைவிட இரண்டு நியூத்திரன் கூட. தாக்கங்களில் நடந்துகொள்வது ஏறக்குறைய ஒரே மாதிரி. இயற்கையில் ஏறத்தாழ ஐந்நூறு அணுவுக்கு ஒன்று.

1934இல் மன்செஸ்டரில் போலன்யியும் சாபோவும் இந்தப் பாரமான ஒட்சிசன் கூடிய தண்ணீரில், காரம் சேர்த்து ஓர் எசுத்தரை உடைத்தார்கள். (ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு வந்தவர் போலன்யி.) கிடைத்த அற்ககோலில் குறி இல்லை. தன் பழைய ஒட்சிசனோடேயே அது பிரிந்திருந்தது.

அமில ஊக்கியோடு என்ன நடக்கும்? 1938இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரொபர்ட்ஸும் ஹரோல்ட் யூரேயும் நம் பிள்ளைகள் செய்வதைப் போலத்தான் செய்தார்கள். மெதனோலின் ஒட்சிசனுக்குக் குறியிட்டு, பென்சோயிக் அமிலத்தோடு தாக்கமடைய விட்டார்கள். குறி எசுத்தரில் இருந்தது, தண்ணீரில் இல்லை. ஐதரொட்சிலை விட்டுக்கொடுத்தது அமிலம்தான்.

காலியில் பிறந்த நம் நாட்டு விஞ்ஞானி சிறில் பொன்னம்பெரும 1963இல் கல்வின் குழுவினரோடு, மெதேனிலிருந்து அடினின் உண்டாவதைக் காட்டியதும் இதே குறி முறையால்தான். அங்கே குறி காபன்-14.

நம் பிள்ளைகளோ விடையை அம்புக்குறிகளாகப் பாடமாக்குகிறார்கள்; கேள்வி என்னவென்றே தெரியாது. ஒட்சிசன்-18 தண்ணீர் நம் பாடசாலைகளுக்கு வரப்போவதில்லை, விலை அப்படி. தேவையுமில்லை. மூலக்கூற்று மாதிரியில் அற்ககோலின் ஒட்சிசன் உருண்டைக்குக் கொஞ்சம் நெயில் பொலிஷ் பூசினால் போதும். குறி எங்கே போகும் என்று பிள்ளைகள் முதலில் எழுதட்டும், 1938இன் முடிவை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

உயர்தரம் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி: அமிலத்திலுள்ள இரண்டு ஒட்சிசனுக்கும் குறியிட்டால், குறி எங்கெங்கே போகும்? காரணத்தோடு கீழே எழுதுங்கள்.