ஓசி ஃபர்ஸ்ட் கிளாஸ்: விமான மைல்களின் கதை

மும்பை, தில்லி, புனே என்று எங்கே நம்மவர்கள் நாலு பேர் கூடினாலும் இப்போதெல்லாம் இரண்டு விஷயம் பேச்சில் வந்துவிடும். ஒன்று, வீட்டுக் கடன் வட்டி. இன்னொன்று, கிரெடிட் கார்டு பாயின்ட். "இந்தக் கார்டுல செலவு பண்ணினா சிங்கப்பூருக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் ஓசியாம் சார், நெஜமா?" என்று என்னைக் கேட்பார்கள். வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்திலுள்ள எல்லாக் கார்டும் அத்துப்படி என்று ஒரு நம்பிக்கை.

நிஜம்தான். மைல் சேர்த்து, லட்சக்கணக்கில் விலையுள்ள இருக்கையில் படுத்துத் தூங்கிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்தக் கார்டு என்று கேட்பதற்கு முன்னால், இந்த மைலை யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள், நாற்பது வருஷத்துக்கும் மேலாக அது என்ன பாடுபட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. நான் படித்தது பி.காம். எதையும் லெட்ஜரில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். அப்படி எழுதிப் பார்த்தபோது, மைல் எனக்குப் பரிசாகத் தெரியவில்லை. ஒரு தனியார் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த நோட்டாகத் தெரிந்தது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அங்கே 1978 வரைக்கும் எந்த விமானம் எந்த ஊருக்குப் போகலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் அரசாங்க வாரியம் ஒன்று தீர்மானித்தது. நம்ம ஊர் ரேஷன் கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். விலையில் போட்டி போட வழியில்லாததால் சாப்பாட்டிலும் சௌகரியத்திலும் போட்டி போட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஜம்போ விமானத்துக்குள் பியானோவே வைத்திருந்தது! 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டம் அந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் எடுத்துவிட்டது. புதுக் கம்பெனிகள் முளைத்தன, கட்டணம் இறங்கியது. நேற்றுவரை நம்மோடு பறந்தவர் இன்று பத்து டாலர் குறைவு என்று பக்கத்து கவுண்டருக்குப் போய்விடுகிறார். அவரை எப்படிப் பிடித்து வைப்பது?

பயணம் செய்த தூரத்துக்குக் கணக்கு வைத்துச் சலுகை கொடுக்கும் திட்டத்தை டெக்சாஸ் இன்டர்நேஷனல் என்ற சின்ன கம்பெனி 1979இல் நடத்திப் பார்த்தது. அதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். அப்போது அதன் தலைவர் ராபர்ட் கிராண்டல். பயணிகளுக்குக் கொடுக்கும் சாலடில் ஒரே ஒரு ஆலிவ் காயைக் குறைத்து வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்தவர் என்று சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட கணக்குப்பிள்ளை 1981 மே 1ஆம் தேதி 'அட்வான்டேஜ்' என்ற பெயரில் இலவச டிக்கெட் திட்டத்தைத் தொடங்கினார் என்றால், அதில் ஏதோ கணக்கு இருக்க வேண்டுமல்லவா?

இருந்தது. முதலில், யாருக்குக் கொடுப்பது? அவர்களிடம் சேபர் என்ற கணினி முன்பதிவு ஏற்பாடு இருந்தது. அதில் ஒரே தொலைபேசி எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடி, அடிக்கடி பறக்கும் சுமார் 1,50,000 பேரைப் பிடித்தார்கள். அவர்கள்தான் முதல் உறுப்பினர்கள். சில நாட்களிலேயே யுனைடெட் தன் 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தை அறிவித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

இரண்டாவது, எதைக் கொடுப்பது? விமான இருக்கை கீரைக்கட்டு மாதிரி. சாயங்காலத்துக்குள் விற்கவில்லை என்றால் குப்பைக்குத்தான். விமானம் கிளம்பிவிட்டால் காலி இருக்கையின் விலை பூஜ்யம். முன்பக்கத்து ஃபர்ஸ்ட் கிளாஸில் இது இன்னும் அதிகம். முழு விலை கொடுக்க ஆள் குறைவு, ஆனால் பட்டியலில் அதன் விலை பிரமாண்டம். அதில் ஒருவரை ஓசியாக உட்காரவைத்தால் கம்பெனிக்கு ஆகும் செலவு ஒரு சாப்பாடும் கொஞ்சம் எரிபொருளும். வாங்குபவருக்கோ ராஜ மரியாதை.

மூன்றாவது சூட்சுமம்தான் அருமையானது. டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பது ஆபீஸ். மைல் ஏறுவது ஆளின் சொந்தப் பெயரில். ஆபீஸ் காசில் சிகாகோவுக்கு இருபது தடவை போனவர், அந்த மைலில் மனைவி மக்களோடு ஹவாய்த் தீவுக்குப் போனார். அப்புறம் அவர் ஐம்பது டாலர் மலிவு என்று வேறு விமானத்தைத் தேடுவாரா? எங்கள் வங்கியில் ஒரு கட்சிக்காரர் தீபாவளிக்கு விலை உயர்ந்த பரிசு கொடுத்தால் விஜிலென்ஸ் வந்து கதவைத் தட்டும். இங்கே அதையே திட்டம் என்று பெயர் வைத்து ஊரறியச் செய்தார்கள்.

அதே 1981இல் அதே கம்பெனி இன்னொரு காரியமும் செய்தது. 2,50,000 டாலர் கட்டினால் ஆயுள் முழுக்க, எத்தனை தடவை வேண்டுமானாலும், ஃபர்ஸ்ட் கிளாஸில் பறக்கலாம் என்று ஒரு பாஸ் விற்றது. வட்டி விகிதம் உச்சத்தில் இருந்த காலம். கையில் ரொக்கம் வேண்டியிருந்தது. வாங்கியவர்களில் சிலர் ஆயிரக்கணக்கான தடவை பறந்து தள்ளிவிட்டார்கள். விலையை ஏற்றிக்கொண்டே போய், 1993இல் பத்து லட்சம் டாலருக்கும் மேல் ஆக்கி, 1994இல் விற்பனையையே நிறுத்தினார்கள். 2008இல் இரண்டு பேருடைய பாஸை விதிமீறல் என்று சொல்லி ரத்து செய்தார்கள். "ஆயுள் முழுக்க" என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் அது யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இனிமேல்தான் எங்கள் ஆட்கள், அதாவது வங்கிக்காரர்கள், உள்ளே வருகிறார்கள். 1987இல் சிட்டி வங்கியும் அமெரிக்கனும் சேர்ந்து ஒரு கார்டு வெளியிட்டார்கள். ஒரு டாலர் செலவுக்கு ஒரு மைல். அன்றோடு மைலுக்கும் பறப்பதற்கும் இருந்த சம்பந்தம் அறுந்தது. மளிகைச் சாமான் வாங்கினாலும் மைல். அந்த மைல்களை விமானக் கம்பெனியிடமிருந்து வங்கி காசு கொடுத்து மொத்தமாக வாங்கியது. கம்பெனிக்கு நோட்டு அடித்து விற்பது தனி வியாபாரமாகிவிட்டது. 1988இல் டெல்டா தொடங்கிவைத்த போட்டியில் ஒரு மைலுக்கு மூன்று மைல் என்று எல்லோரும் வாரி இறைத்தார்கள்.

நோட்டு அதிகமாக அடித்தால் என்ன ஆகும் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதே 1988இல் அமெரிக்கன் விதிகளை மாற்றியது. இலவச டிக்கெட்டுக்கு இத்தனை இருக்கைதான், இந்தத் தேதிகளில் கிடையாது என்று கட்டுப்பாடு. ஏற்கெனவே சேர்த்த மைலுக்கும் சேர்த்து. உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று வழக்காடலாம், ஆனால் மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து வழக்காட முடியாது என்றது. 2014இல் இன்னொரு வழக்கு. அதிகமாகப் புகார் செய்கிறார் என்று நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் திட்டத்திலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் தொடுத்தது. "நேர்மையாக நடந்துகொள்ளவில்லை" என்ற அவருடைய வாதமும் எடுபடவில்லை. நம் பெயரில் உள்ள மைல் நம்முடைய சொத்தா என்ற கேள்விக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நடுவில் கம்பெனிகளையே ஏமாற வைத்த கெட்டிக்காரர்களும் உண்டு. 1999இல் டேவிட் பிலிப்ஸ் என்ற கலிஃபோர்னியா எஞ்சினியர், உணவுக் கம்பெனி ஒன்றின் மைல் சலுகையைப் பார்த்தார். அதன் புட்டிங் கப் விலை வெறும் 25 சென்ட். 12,150 கப் வாங்கிவிட்டார்! சுமார் 3,140 டாலர் செலவு. 12 லட்சத்துக்கும் மேல் மைல். லேபிளைப் பிரித்துக் கொடுக்கத் தொண்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, புட்டிங்கை அவர்களுக்கே தானமும் செய்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு டாலர் நாணயக் கதை. அந்த நாணயங்கள் புழக்கத்துக்கு வரட்டும் என்று 2008இல் அமெரிக்க நாணயச் சாலை அவற்றை முகமதிப்புக்கே, தபால் செலவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. நம்ம ஆள் என்ன செய்வான்? கார்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வங்கியில் கட்டி, அந்தப் பணத்தில் கார்டு பில்லை அடைத்து, மைலை மட்டும் எடுத்துக்கொண்டான். 2011இல்தான் கார்டில் விற்பதை நிறுத்தினார்கள். அந்த மூட்டைகளை எண்ணிய கேஷியர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

2005இல் எகனாமிஸ்ட் பத்திரிகை ஒரு கணக்குப் போட்டது. உலகத்தில் பயன்படுத்தாமல் கிடக்கும் மைல்கள் சுமார் 14 லட்சம் கோடி. மதிப்பிட்டால் புழக்கத்திலுள்ள டாலர் நோட்டுகளையெல்லாம் விட அதிகம் என்றது. 2020இல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் எதை அடகு வைத்துக் கடன் வாங்கியது தெரியுமா? மைலேஜ் பிளஸ் திட்டத்தை. சுமார் 2,190 கோடி டாலர் மதிப்பு என்று காட்டி 680 கோடி டாலர் வாங்கினார்கள். விமானத்தை விட நோட்டடிக்கும் இயந்திரத்துக்குத்தான் நல்ல அடமான மதிப்பு.

நம் நாட்டுக்கு வருவோம். 1953இல் விமானக் கம்பெனிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டம் 1994இல்தான் ரத்தானது. 1993இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ், 2007இல் மும்பையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக அமெரிக்கா போகும் விமானத்தில் கதவு வைத்த 8 ஃபர்ஸ்ட் கிளாஸ் அறைகளை வைத்தபோது நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றது; அதன் மைல்களும் அதோடு போயின. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட்டும் நின்றது. ஆனால் ஜெட்டின் மைல் திட்டம் தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டு, அதில் எதிஹாட் 50.1 சதவீதப் பங்கு வைத்திருந்ததால், திட்டம் மட்டும் பிழைத்து இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கணவன் போனபின் மனைவி கடையை நடத்தியது போல. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் பாயின்ட்கள் மகாராஜா கிளப்புக்கு மாறின. ஆக, மூன்று கம்பெனி, மூன்று விதமான முடிவு. எந்த முடிவையும் உறுப்பினர்களைக் கேட்டு எடுக்கவில்லை.

கம்பெனி நன்றாக ஓடினாலும் நோட்டின் மதிப்பு இறங்கத்தான் செய்கிறது. எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையை டெல்டா 2015இல் எடுத்துவிட்டது, யுனைடெட் 2019இல். 2023இல் இங்கே ஒரு வங்கி, 5 பாயின்டுக்கு 4 மைல் என்றிருந்ததை 5க்கு 2 ஆக்கியது. ஒரே அறிவிப்பில் பாதி போச்சு! 2025இல் எமிரேட்ஸ், தன் ஃபர்ஸ்ட் கிளாஸ் இலவச டிக்கெட் சில்வர், அதற்கு மேற்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டும் என்றது. ரூபாயின் மதிப்பைக் காக்க ரிசர்வ் வங்கி இருக்கிறது. மைலுக்கு யார் இருக்கிறார்கள்?

இங்கே செம்பூரில் என் நண்பர் ஒருவர். அப்பாவைப் படுக்கை உள்ள இருக்கையில் லண்டனுக்கு, தங்கை வீட்டுக்கு, அழைத்துப் போக வேண்டும் என்று ஏழு வருஷம் மைல் சேர்த்தார். "இன்னும் கொஞ்சம் சேரட்டும், நாலு பேரும் முன்னாலயே போயிடலாம்" என்பார். போன வருஷம் தஞ்சாவூரில் அப்பா காலமாகிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து வந்தபின் நண்பர் என்னிடம் கேட்டது: "அப்பா பேர்ல கொஞ்சம் மைல் இருக்கு, அதுக்கு நாமினி உண்டா?" வைப்புத் தொகைக்கு நாமினி உண்டு, லாக்கருக்கு உண்டு. பல மைல் திட்டங்களில் ஆள் போனால் கணக்கும் போச்சு என்றுதான் விதி எழுதியிருக்கிறார்கள். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

அதனால் திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊரையும் தேதியையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு எத்தனை மைல் வேண்டுமோ அதை மட்டும் சேருங்கள். இருக்கைகள் திறக்கும் சுமார் 11 மாதத்துக்கு முன்போ, காலி இருப்பது தெரிந்துவிடும் கடைசி நாட்களிலோ தேடுங்கள். கார்டு பாயின்டை இருக்கை கண்ணில் பட்ட பிறகே மைலாக மாற்றுங்கள். மாற்றினால் திரும்பாது, பல திட்டங்களில் மைலுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. ஓசி டிக்கெட்டுக்கும் வரியும் சர்சார்ஜும் கட்ட வேண்டும். கார்டு பாக்கி வைத்து மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டி மைல் சேர்ப்பது, கடன் வாங்கிக் கல்யாணத்துக்கு மொய் எழுதுவது போல.

இன்னொன்று. நாலு பேருக்கு ஒரே விமானத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ் மைல் இருக்கை கிடைப்பது அபூர்வம். இரண்டு கிடைக்கும். அந்த இரண்டில் பெரியவர்களை உட்காரவையுங்கள். நாமும் பிள்ளைகளும் பின்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போனால் ஒன்றும் குறைந்துவிடாது. நமக்கு இன்னும் வயசு இருக்கிறது. மைலுக்கும் அவர்களுக்கும் அந்த அவகாசம் இல்லை.