போதைச் சிகிச்சையும் பிள்ளைப் பாதுகாப்பும்: அமெரிக்கக் குழந்தை நலத்துறையில் குடும்பம் இடம்பெற்ற வரலாறு

பெற்றோரின் குடியோ போதைப் பழக்கமோ பிள்ளையைப் பாதிக்கும்போது அரசு யாரைக் கவனிக்க வேண்டும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் ஒரே விடைதான் இருந்தது: பிள்ளையைப் பிரித்துக் காப்பாற்று, பெற்றோரை அவர்கள் பாட்டுக்கு விடு. பெற்றோருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் பிள்ளையைக் காக்கும் வேலைதான் என்ற எண்ணம் 1990களில்தான் வேரூன்றியது.

பிரிப்பதே காப்பு

1853இல் சார்லஸ் லோரிங் பிரேஸ் நியூயார்க்கில் குழந்தைகள் உதவிச் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டிலிருந்து நகரத்துச் சேரிப் பிள்ளைகள் ரயிலேற்றப்பட்டு, நடுமேற்கு மாநிலங்களின் பண்ணை வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். 1929 வரை நடந்த இந்த ஏற்பாட்டில் ஏறத்தாழ 2 லட்சம் பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் போனார்கள். 'அநாதை ரயில்கள்' என்று பிற்காலத்தில் பெயர் வந்தாலும், அவர்களில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். வறுமை, நோய், குடி ஆகியவற்றால் நொடிந்துபோன வீட்டிலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்றே அன்றைய சீர்திருத்தக்காரர்கள் கருதினர்.

சிகிச்சைத் துறை இதிலிருந்து முற்றிலும் தனியாக வளர்ந்தது. 1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குடியை விட நினைக்கும் தனி மனிதரை நோக்கிப் பேசியது. பின்னர் வந்த சிகிச்சை இல்லங்களிலும் பெரும்பாலானவை ஆண்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அங்கே படுக்கை உண்டு, தொட்டில் கிடையாது. 1970களில், சிகிச்சைக்கு வருவோரின் விவரங்களை வெளியிடுவதைக் கூட்டாட்சிச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காவல்துறைக்கு அஞ்சி மக்கள் சிகிச்சையைத் தவிர்க்கக்கூடாது என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரே தாயைக் கவனித்துவந்த குழந்தை நல அலுவலரும் சிகிச்சை ஆலோசகரும் ஒருவரோடொருவர் பேசாமலிருக்க அது காரணமும் ஆயிற்று.

கிராக் காலம்

1980களின் நடுவில் மலிவான கிராக் கொக்கெயின் நகரங்களில் பரவியது. கர்ப்ப காலத்தில் கொக்கெயின் பயன்படுத்திய 23 பெண்களை மட்டும் கொண்டு மருத்துவர் ஐரா சாஸ்னாஃப் குழுவினர் 1985இல் ஒரு சிற்றாய்வை வெளியிட்டனர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் இத்தகைய தொடக்க நிலை முடிவுகளை ஊதிப் பெருக்கி, 'கிராக் குழந்தைகள்' என்று ஒரு தலைமுறையே பாழானதாக எழுதின. பிலடெல்பியாவில் மருத்துவர் ஹாலம் ஹர்ட் 1989இல் தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேல் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, கொக்கெயினைவிட வறுமையே அவர்களின் வளர்ச்சியைப் பெரிதும் பாதித்திருப்பது தெரிந்தது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

1989இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரிலிருந்த அரசு மருத்துவமனை ஒன்று, கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்துக் கொக்கெயின் இருந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கத் தொடங்கியது. முப்பது பெண்கள் கைதாயினர். ஒருவர் தவிர அனைவரும் கறுப்பினத்தவர். சம்மதமின்றிச் செய்யப்பட்ட இத்தகைய சோதனை அரசமைப்புக்கு முரணான தேடுதல் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரையான பன்னிரண்டு ஆண்டுகள் பெண்களுக்குக் கற்பித்த பாடம் வேறு. உதவி கேட்டு வாய் திறந்தால் அதுவே சாட்சியமாகிவிடும். மருத்துவமனைப் பக்கம் போகாமலிருப்பதே பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்ள வழி.

உதவி கேட்டவர்களுக்கும் கதவு எளிதில் திறக்கவில்லை. 1980களின் இறுதியில் நியூயார்க் நகரச் சிகிச்சை நிலையங்களை மருத்துவர் வெண்டி சாவ்கின் விசாரித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று தெரிந்தது. 1980களின் நடுவில் மூன்று லட்சத்துக்கும் குறைவாக இருந்த வளர்ப்புப் பராமரிப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1999இல் ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது.

ஒத்துப்போகாத கடிகாரங்கள்

இத்தனை பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் வீடு மாறி வீடு அலைவதைத் தடுக்க, 1997 நவம்பரில் 'தத்தெடுப்பு மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டம்' வந்தது. ஒரு பிள்ளை கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை நீக்கும்படி மாநில அரசு நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும் என்றது அது. பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இதில் நியாயம் உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு 15 மாதம் என்பது அதன் வாழ்நாளில் பாதிக்கும் மேல். யாரை 'அம்மா' என்று அழைப்பது என்பதே அதற்குள் மாறிவிடும்.

தாயின் பக்கமோ வேறு கணக்கு. சிகிச்சையில் இடம் கிடைக்கக் காத்திருக்கவே சில மாதங்கள் போய்விடும். போதை அடிமைத்தனம் மீண்டும் தலைதூட்டக்கூடிய நோய். ஒருமுறை சறுக்குவதை மருத்துவர் எதிர்பார்த்தே இருப்பார், நீதிபதியோ அதை உத்தரவு மீறலாகப் பார்ப்பார். போதாக்குறைக்கு, 1996இல் வந்த பொதுநல உதவிச் சீர்திருத்தம் ஏழைத் தாய்மார் குறித்த காலத்துக்குள் வேலைக்குப் போக வேண்டுமென விதித்திருந்தது. நான்சி யங், சிட்னி கார்ட்னர் ஆகிய ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில், ஒரே குடும்பத்துக்குள் பல கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதாக இதை விவரித்தனர். நீதிமன்றக் கடிகாரத்தை நிறுத்த முடியாது. ஆனால் சிகிச்சைக்கு முன் வீணாகும் மாதங்களை மிச்சப்படுத்தலாம். அடுத்துவந்த முயற்சிகள் எல்லாம் இந்த ஒரு வாய்ப்பைப் பற்றிக்கொண்டவையே.

கூடவே வருபவர்

நெவாடா மாநிலத்தின் ரெனோ நகரில் நீதிபதி சார்லஸ் மெக்கீ 1990களின் நடுவில் குடும்ப சிகிச்சை நீதிமன்றத்தைத் தொடங்கினார். நாட்டிலேயே முதலாவதாக இதைக் குறிப்பிடுவர். வழக்கமான நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் இடைவெளிவிட்டு விசாரணை நடக்கும். இங்கே பெற்றோர் அடிக்கடி வந்து நீதிபதியிடம் நேரில் பேசினர். சிகிச்சையாளரும் குழந்தை நல அலுவலரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். இந்த முறை பின்னர் பல மாநிலங்களுக்கும், 2008இல் நீதிபதி நிக்கலஸ் கிரைட்டன் முயற்சியால் லண்டனுக்கும் சென்றது.

1997இல் ஒஹையோவின் கிளீவ்லாந்தில் உருவான 'ஸ்டார்ட்' திட்டம் இன்னும் துணிச்சலானது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயிற்சி பெற்ற அலுவலருடன் 'குடும்ப வழிகாட்டி' ஒருவரும் இணைந்து சென்றார். போதையிலிருந்து மீண்டு குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆனவர்களையே வழிகாட்டிகளாக எடுத்தனர். குழந்தை நலத்துறையின் விசாரணையைச் சொந்த வாழ்வில் கண்டவர்களாகவும் அவர்கள் இருப்பது விரும்பப்பட்டது. அதாவது, ஒருகாலத்தில் யாருடைய பெயர் வழக்குக் கோப்பில் இருந்ததோ அவரையே துறை சம்பளம் கொடுத்து அமர்த்தியது. முதல் சிகிச்சைக் கூட்டத்துக்குத் தாயை வண்டியில் அழைத்துப் போவது, அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, சறுக்கினால் ஒளிக்காமல் சொல்ல வைப்பது ஆகியவை வழிகாட்டியின் வேலை. கதவைத் தட்டும் அதிகாரியிடம் பொய் சொல்லத் தோன்றும் தாய்க்கு, அதே பொய்யைத் தானும் சொல்லியிருந்தவரிடம் அதைச் சொல்வது கடினம்.

2000களின் பிற்பகுதியில் கென்டக்கி மாநிலம் இத்திட்டத்தை ஏற்றது. அங்கே வெளியான ஆய்வில், திட்டத்திலிருந்த தாய்மார்களில் 66 விழுக்காட்டினர் போதையற்ற நிலையை எட்டினர். வழக்கமான சேவை பெற்றவர்களில் அது 37 விழுக்காடு. அரசின் காவலுக்குச் சென்ற பிள்ளைகள் முறையே 21, 42 விழுக்காடு. இது ஒத்த குடும்பங்களைத் தேடி ஒப்பிட்ட ஆய்வே தவிர, குலுக்கல் முறையில் பிரித்த சோதனை அன்று. அவ்வகைச் சோதனை இல்லினாய் மாநிலத்தின் குக் வட்டாரத்தில் 2000இல் தொடங்கியது. அங்கே 'மீட்சிப் பயிற்றுநர்' துணையிருந்த பெற்றோர் அதிக அளவில் சிகிச்சைக்குச் சென்றனர். பிள்ளைகள் வீடு திரும்புவதும் கூடியது. ஆனால் கூடிய அளவு சிறிதே. போதையை விட்டாலும் வீடில்லாமலும் மனநோயோடும் வீட்டு வன்முறையோடும் போராடிய பெற்றோருக்குப் பயிற்றுநர் மட்டும் போதவில்லை.

ஓபியாய்டும் 2018 சட்டமும்

வளர்ப்புப் பராமரிப்பு எண்ணிக்கை 2012இல் நான்கு லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்து, ஓபியாய்டு பரவலோடு மீண்டும் ஏறியது. இம்முறை வெள்ளையர் மிகுந்த சிற்றூர்களும் பாதிக்கப்பட்டன. பொதுப் பேச்சில் 'குற்றம்' என்ற சொல்லின் இடத்தில் 'நோய்' என்ற சொல் வந்தது. கிராக் காலத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

2018 பிப்ரவரியில் நிறைவேறிய 'குடும்பம் முதல் தடுப்புச் சேவைகள் சட்டம்', அதுவரை பெரும்பாலும் பிள்ளையைப் பிரித்த பிறகே கிடைத்துவந்த கூட்டாட்சி நிதியைப் பிரிப்பதற்கு முன்பே பெற்றோரின் சிகிச்சைக்குச் செலவிட வழிசெய்தது. பெற்றோர் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லத்திலேயே பிள்ளையும் 12 மாதம் வரை உடன் தங்க அந்த நிதி உதவும். தொட்டிலுக்கும் இடம் வைத்த இல்லங்கள் இன்றும் குறைவு. 1997ஆம் ஆண்டின் 15 மாதக் கணக்கை இந்தச் சட்டம் தொடவில்லை.