‘கொமன்’, ‘வேஸ்ட்’: இரு ஆங்கிலச் சொற்களின் சமூக வரலாறு

ஒரு சொல் பல பொருள் தருதல் எல்லா மொழிகளுக்கும் உரிய இயல்பே. அகராதி அப்பொருள்களை எண்ணிட்டு நிரைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று மற்றொன்றை எவ்வாறு பின்தள்ளியது, அதனாற் பயனடைந்தோர் யாவர் என்பவற்றை அது கூறுவதில்லை. ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட ‘கீவேர்ட்ஸ்’ என்னும் நூல், சொற்பொருள் மாற்றத்தைச் சமூக மாற்றத்தோடு இணைத்து நோக்கும் நெறியை வலியுறுத்திற்று. அந்நெறி நின்று, அன்றாட வழக்கிலுள்ள இரு ஆங்கிலச் சொற்களை ஈண்டு ஆராய்வோம்.

இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த ‘கொமன்’ என்னும் சொல் பலர்க்கும் உரியது, வழமையானது, இழிந்தது எனப் பல பொருள்படும். ஊரார் கூட்டாக உரிமை அனுபவித்த நிலத்துக்கும் அதுவே பெயர். நிலமானிய இங்கிலாந்தில், பயிரிடப்படாத நிலம் பிரபுவின் உடைமையாயினும், அங்கு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் குடிகளுக்கு வழக்குரிமை இருந்தது. அத்தகைய நிலத்தையே சட்டமொழி ‘வேஸ்ட்’ என்றது. வீண், பயனற்றது என்பன அச்சொல்லின் ஏனைய பொருள்கள். ஆக, குடிகளுக்கு வாழ்வாதாரமாய் இருந்த நிலம், உடைமையாளரின் மொழியில் வீண்நிலமாயிற்று. 1235இன் மேர்ட்டன் சட்டம், குடிகளுக்குப் போதிய மேய்ச்சல் நிலம் விடப்படின், எஞ்சியதைப் பிரபு வேலியடைக்க இடமளித்தது.

இப்பொருள் முரண் களத்திலும் வெளிப்பட்டது. 1381இல் கிளர்ந்தெழுந்த உழவர், தம்மையே உண்மையான ‘கொமன்ஸ்’ என்றனர். 1607இல் மத்திய இங்கிலாந்தில் வேலியடைப்புக்கெதிரான கிளர்ச்சி வெடித்தது. நோர்தாம்ப்டன்சயரின் நியூட்டனில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதனையடுத்த ஆண்டளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஷேக்ஸ்பியரின் ‘கொரியோலேனஸ்’ நாடகத்திலே, உயர்குடி வீரன் வாயில் ‘கொமன்’ வசைச் சொல்லாக ஒலிக்கிறது. இவ்விழிபொருள் வேலியடைப்பினாற் பிறந்ததன்று, அதற்கு முற்பட்டது. எனினும், பலர்க்கும் உரியது தாழ்ந்தது என்னும் கருத்து, அதனைப் பறிப்போர்க்குத் துணைநின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1649இல் மன்னனைக் கொன்று அமைக்கப்பட்ட குடியரசு ‘கொமன்வெல்த்’ எனப் பெயர் பூண்டது. அவ்வாண்டே ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் தோழரும் சரே பகுதியிலுள்ள செயின்ட் ஜோர்ஜ் குன்றில், நிலம் அனைவர்க்கும் பொது எனக்கூறிப் பயிரிடத் தொடங்கினர். தாக்குதல்களாலும் வழக்குகளாலும் அவர்கள் விரட்டப்பட்டனர். பொதுநலத்தின் பெயரால் ஆட்சி அமைத்தோர் பொதுநிலத்தை ஏற்கவில்லை. பின்னர் பாராளுமன்றமே வேலியடைப்பின் கருவியாயிற்று. 1604 முதல் 1914 வரை நிறைவேறிய 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களால் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்திலொரு பகுதிக்குச் சற்று மேற்பட்ட நிலம், அடைக்கப்பட்டது. நிலமிழந்தோர் கூலி உழைப்பாளராக மாறியமையை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் (1867) விளக்கியுள்ளார்.

‘வேஸ்ட்’ என்னும் சொல் கடல் கடந்தும் தொழிற்பட்டது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, ‘வேஸ்ட்’, குடியிராத, பயிரிடப்படாத நிலங்கள் யாவும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொண்டது. சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் கிராமத்தவர் பயன்படுத்திய நிலம் இவ்வகைக்குள் அடங்கியது. எழுத்துறுதி இல்லாத அவர்கள்மீதே நிரூபிக்கும் சுமை விழுந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் கிடைத்தது. இங்கிலாந்தில் அச்சொல்லோடு ஒட்டியிருந்த வழக்குரிமைக்கு இங்கு அத்தகைய மதிப்பும் அளிக்கப்படவில்லை.

எனவே, சொற்களின் பல்பொருண்மையை மொழியின் விந்தையாக மாத்திரம் நோக்குதல் போதாது. ஒரு பொருள் அகராதியில் இடம்பெறுவது வழக்கினால். அது சட்டமாவதோ அதிகாரத்தினால். அவ்வதிகாரம் எவ்வர்க்கத்திடம் இருந்தது என்ற வினாவைச் சொல்லாராய்ச்சியும் எழுப்புதல் வேண்டும்.