கட்-ஆஃப் கணக்கு

தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. அதோடு கட்-ஆஃப் 300-க்குக் கணக்கிடப்பட்டது. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல், வேதியியல் தலா 50, நுழைவுத் தேர்வு 100. பிளஸ் டூ முடிவு வந்ததும் வீடுதோறும் இந்தக் கூட்டல் நடக்கும். கிண்டி பொறியியல் கல்லூரியில் சென்ற ஆண்டு தம் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் நின்றது என்று பார்த்தே பெற்றோர் வாய்ப்பை மதிப்பிட்டார்கள். அந்த ஒப்பீடு ஓரளவுக்கே உதவும். வினாத்தாள் எளிதானால் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்தே ஏறிவிடும்.

நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் போக வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு பெரும் தடையாக இருந்தது. 2007-இல் அது நீக்கப்பட்டது நியாயமான முடிவு. அதன்பின் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு என்றானது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டன.