சமூகப் பாடம்: அடங்கவா, அறியவா?

பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே இறங்கி வந்து, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கிறது. அவ்வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு பள்ளியிலே சமூக அறிவியல் கற்பிப்பது நம் தொழில். ஒருநாள் வகுப்பிலே கேட்டோம்: “இந்த நீர் நமக்கு வரக் காரணமானவர் யார்?” “பென்னிகுவிக்!” என்று கூரை அதிரக் குரல் எழுந்தது. “சரி, அந்த அணைக்குக் கல் சுமந்தவர் யார்?” என்றோம். வகுப்பு வாயடைத்தது.

அந்த வாயடைப்பு பிள்ளைகளின் குற்றமன்று. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மன்னருடன் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டதையும், 1895-இல் அணை முடிந்ததையும் அவர்கள் சொல்வார்கள். வெள்ளம் அடித்துச் சென்றதையும், காய்ச்சலும் காலராவும் கூலிகளைக் கொன்று குவித்ததையும் சொல்லமாட்டார்கள். பொறியாளர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறது நம் மண். மழை பெய்யத் தெய்வத்தை வேண்டியது போதும் என்று மனித அறிவுக்கு நன்றி சொல்லும் அந்தப் பண்பு போற்றத்தக்கதே. ஆனால் அவர் படத்துக்குக் கற்பூரம் காட்டத் தொடங்கும்போது வரலாறு வெளியேறி, புராணம் உள்ளே நுழைந்துவிடுகிறது! பெயரற்ற ஆயிரம் கைகள் மறைந்தே போகின்றன.

சமூகப் பாடம் எதற்காகப் பள்ளிக்குள் வந்தது? அதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1916-இல் அமெரிக்கக் கல்விச் சங்கம் அமைத்த குழு ஒன்று, உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சமூகப் பாடம் வேண்டுமென அறிக்கை தந்தது. வரலாறும் புவியியலும் குடிமையும் தனித்தனியே மனப்பாடமாகாமல், நல்ல குடிமக்களை உருவாக்கும் ஒரே நோக்கில் இணைய வேண்டும் என்பது அதன் கருத்து. குழுவின் தலைவர் தாமஸ் ஜெசி ஜோன்ஸ். இவர் அதற்கு முன்பே, கறுப்பினத்தாரும் செவ்விந்தியரும் பயின்ற ஹாம்டன் பள்ளியில் அப்பெயரிலேயே பாடம் நடத்தியவர். அவர் வகுத்த கல்வி, அடிமைத் தளையிலிருந்து மீண்ட மக்களை மேலும் உயர விடாமல், கிடைத்த இடத்திலே நிறைவுகொள்ளப் பழக்குகிறது என்று கறுப்பினப் பேரறிஞர் டுபாய்ஸ் கடுமையாகச் சாடினார். பிறந்தபோதே இப்பாடத்துக்கு இரண்டு முகம் என்பதைக் காண்க. ஒரு முகம் “அறிந்துகொள்” என்றது. மற்றொன்று “அடங்கி நட” என்றது.

இந்தியாவிலும் அதே கதைதான். வெள்ளையர் ஆட்சியிலே நுழைந்த குடிமைப் பாடம், அரசுக்குக் கீழ்ப்படியும் பிள்ளைகளை வார்க்கவே பயன்பட்டது. இதனை நாம் மட்டும் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டப் பணியின்போதே எடுத்துரைக்கப்பட்டு, அப்பாடத்தின் பெயரை அரசியல் அறிவியல் என மாற்றவும் பரிந்துரைக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் குழு 1952-இல் அமைந்தது. 1953-இல் வெளிவந்த அதன் அறிக்கை, வரலாறு, புவியியல், பொருளியல், குடிமையியல் ஆகியவற்றை ஒன்றாக்கிச் சமூகப் பாடத்தை எல்லா மாணவர்க்கும் உரியதாக்கச் சொன்னது. சமூகம் எவ்வாறு இன்றைய நிலைக்கு வந்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் உணரவேண்டும் என்றது.

வியப்பு என்னவென்றால், அதே 1953-இல்தான் நம் மாநிலத்திலே பாதி நாள் பள்ளி, பாதி நாள் குலத்தொழில் என்ற திட்டம் புகுத்தப்பட்டது! ஒருபுறம், சமூகத்தை ஆராய்ந்து பார் என்னும் பாடம். மறுபுறம், அப்பன் தொழிலை ஆராயாமல் ஏற்றுக்கொள் என்னும் ஆணை. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் ஊர் ஊராக மூட்டிய எதிர்ப்பின் முன் அத்திட்டம் நிற்கவில்லை. 1954-இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. கல்விக்குழு ஏட்டிலே எழுதியதைத் தெருவிலே நின்று காத்தவர்கள் எளிய மக்களே.

அதன்பின் கோத்தாரிக் குழு வந்தது. 2010-இல் சமச்சீர்க் கல்வி வந்தது. பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு நூல், பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு ஒரு நூல் என்ற வேற்றுமை குறைந்தது. நூல் மாறியது, நோக்கம் மாறிற்றா?

நம் வகுப்பிலே நடந்ததைச் சொல்வோம். ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, எங்கள் பாட்டனாரின் அப்பா இரவு தோறும் சாவடியிலே போய்ப் படுக்கவேண்டுமாம், கைரேகை வைக்கவேண்டுமாம், ஏன்?” என்றான். குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் கேட்கிறான். ரேகைச் சட்டம் என்பது ஊர் வழக்கு. 1911-இல் திருத்தி விரிவாக்கப்பட்ட அச்சட்டம், தேனியையும் உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்திலே பிறமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. செய்த குற்றத்துக்காக அல்ல, பிறந்த பிறப்புக்காகவே பதிவேட்டில் பெயர் ஏறியது. 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றோர் துப்பாக்கிக்கு இரையாயினர். அதே 1920-இல் சீரமைப்புப் பள்ளிகளும் தோன்றின. சட்டம் 1947-இல் நம் மாகாணத்திலே ஒழிந்தது.

“தேர்வுக்கு வராததைப் பேசி நேரத்தை வீணாக்குகிறீரே!” என்றார் உடன் பணியாற்றும் ஒருவர். நாம் தயங்கியது அதற்காக அன்று. கேட்ட மாணவனின் மணிக்கட்டிலே சாதியை அறிவிக்கும் வண்ணக்கயிறு இருந்தது. பாட்டன் பட்ட துன்பத்தைச் சொன்னால், அது அவன் சாதிப் பெருமைக்கு இன்னொரு முடிச்சாகிவிடுமோ என்று அஞ்சினோம்.

ஆயினும் சொன்னோம், முழுவதுமாக. சொல்லி முடித்து ஒன்று கேட்டோம்: “பிறப்பைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளி என்றது அநீதி என்றால், பிறப்பைக் கொண்டு ஒருவனைத் தாழ்ந்தவன் என்பது என்ன?” அவன் விடை கூறவில்லை. அடுத்த நாளும் கயிறு இருந்தது. அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஆனால் மாலையிலே அவன் நம்மிடம் வந்து, “அணைக்குக் கல் சுமந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் ஐயா?” என்றான். தேடுவோம், சேர்ந்தே தேடுவோம் என்றோம்.

தோழர்களே! ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையிலே 2006-இல் கிடைத்த நடுகற்கள், ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வைத்திருந்தன. அன்றைய தமிழன் ஊருக்காக மாண்டவனின் பெயரைக் கல்லிலே வெட்டினான். இன்றைய நாம் நீருக்காக மாண்டவர்களின் பெயர்களை ஏட்டிலேனும் எழுத வேண்டாமா?

படிப்பகம் நடத்தும் இளைஞர்கள், தம் ஊர் முதியோரிடம் சென்று கேட்டு எழுதட்டும். யார் நிலத்தில் யார் உழைத்தார், எந்தத் தெருவுக்கு எப்போது நீர் வந்தது, ஏலமலைக்கு யார் எவ்வளவு கூலிக்கு ஏறினார் என்று எழுதட்டும். பெருமைக்காக அல்ல, உண்மைக்காக. ‘ஏன்’ என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்கும் நாளிலேதான் சமூகப் பாடம் தன் இரண்டு முகங்களில் நல்ல முகத்தைக் காட்டும்.